கீழாநெல்லி பார்சல் அனுப்ப முடியாது

போன மாசம் வரப்புல முளைச்சுக் கிடந்த கீழாநெல்லியைப் படம் எடுத்துப் போட்டிருந்தேன். மழைக்கு அப்புறம் பச்சைப் பசேல்னு இருந்துச்சேன்னு போட்டதுதான், வேற நோக்கம் இல்லை. அதைப் பார்த்துட்டு சென்னை, பெங்களூர், கோயம்புத்தூர்னு பதினோரு பேர் கேட்டுட்டாங்க. "அண்ணே, எனக்கு ஃபேட்டி லிவர்னு ஸ்கேன்ல வந்திருக்கு. ஒரு கிலோ நிழல்ல காய வச்சு அனுப்ப முடியுமா? பணத்தை முன்னாடியே போட்டு விடுறேன்." ஒருத்தர் விலாசத்தையும் சேர்த்தே எழுதிட்டார்.

வர்ற பணத்தை வேணாம்னு சொல்ற நிலைமையில நான் இல்லை. ஆனாலும் அனுப்ப மாட்டேன். பதினோரு பேருக்கும் தனித்தனியா எழுதுறதுக்கு, காரணத்தை இங்கயே எழுதிடுறேன். அதுல நான் பண்ணின தப்பு ஒண்ணும் இருக்கு.

எங்க வீட்டுக்காரம்மாவோட தம்பி ஜீப் ஓட்டுறான். விடிகாலை நாலரை மணிக்கு வேலைக்குப் போற பொம்பளைங்களை ஏத்திக்கிட்டு கம்பம்மெட்டு ஏறி, கேரளாவுல ஏலத்தோட்டத்துல இறக்கி விடுவான். சாயங்காலம் திரும்பக் கூட்டிட்டு வருவான். நடுவுல உள்ள நேரம் பூராவும் வண்டியிலயே உட்கார்ந்திருக்கிறதுதான். மலை மேல குளிரு, அதனால சீனி தூக்கலா நாலு டீ, கூடவே பழம்பொரி. மத்தியானம் புரோட்டா. ராத்திரி வீட்டுக்கு வந்து ஒரு கும்பா சோறு. வயசு 38. எடை 94 கிலோ.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி வயித்து வலின்னு ஸ்கேன் எடுக்கப் போனவனுக்கு 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்'னு எழுதிக் கொடுத்துட்டாங்க. ரத்தத்துல எஸ்ஜிபிடி 82. மூணு மாசச் சர்க்கரை சராசரி 6.2. அதாவது சர்க்கரை நோய் இன்னும் வரலை, வாசல்ல நிக்குது. டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லி, ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்திருக்கார்.

வீட்டுல முதல்ல கிளம்பினது வேற பிரச்சினை. ஈரல் கெட்டுப் போச்சுன்னா நம்ம ஊர்ல ஒரே அர்த்தம்தான். அவன் பொண்டாட்டி ரெண்டு நாள் பேசலை. "மலைக்குப் போறேன் மலைக்குப் போறேன்னு இதுதான் நடக்குதா?" அவன் சாராயம் தொட்டவன் இல்லை, எனக்குத் தெரியும். டாக்டருங்களே இந்த வியாதிக்கு ரொம்ப வருசமா 'ஆல்கஹால் அல்லாத' கொழுப்பு ஈரல்னுதான் பேர் வச்சிருந்தாங்க. 2023-ல உலக அளவுல கூடிப் பேசி அந்தப் பேரை மாத்தி, உடம்போட வளர்சிதை மாற்றக் கோளாறால வர்றதுன்னு பேர்லயே வர்ற மாதிரி வச்சுட்டாங்க. மாத்தினது நல்லதுதான். எத்தனை வீட்டுல சண்டை குறையும்!

நாலாம் நாள் எங்கிட்ட வந்தான். "மாமா, மாத்திரையை ஆரம்பிச்சா ஆயுசுக்கும் திங்கணும்னு சொல்றாங்க. நம்ம அப்பத்தா கொடுக்குமே, அந்தக் கீழாநெல்லி, அதைக் கொடுங்க."

எனக்கும் பெருமையா இருந்துச்சு, அதை மறைக்க வேண்டியதில்லை. எங்க அப்பத்தா மஞ்சக்காமாலைக்கு மருந்து கொடுக்கிறதுல பேர் போனவ. கீழாநெல்லியை வேரோட பிடுங்கி, அலசி, அம்மியில அரைச்சு, நெல்லிக்காய் அளவு உருட்டி, வெறும் வயித்துல மோர்ல கலந்து மூணு நாள். உப்பு, புளி, எண்ணெய் கிடையாது. கூடலூர்ல இருந்தெல்லாம் ஆள் வரும். அந்தக் கை எனக்கும் வந்திருக்குன்னு ஒரு நினைப்பு. "மாத்திரை கிடக்கட்டும் மாப்ள, நான் பார்த்துக்கிறேன்"னு சொன்னேன்.

அஞ்சு மாசம் கொடுத்தேன். மூணு நாள் மருந்தை அஞ்சு மாசம்.

இந்த அஞ்சு மாசத்துல அவன் கும்பா சோறும் குறையலை, டீயும் குறையலை. மருந்துதான் சாப்பிடுறோமேன்னு ஒரு தைரியம் வேற. பத்தியம்னு நான் சொன்னது காலையில ஒரு மணி நேரம்தான். மறுபடி ரத்தம் கொடுத்துப் பார்த்தப்ப எஸ்ஜிபிடி 96. மூணு மாசச் சர்க்கரை 7.1. எடை 96. வாசல்ல நின்னது உள்ள வந்து உட்கார்ந்துருச்சு. அவன் ஒண்ணும் சொல்லலை. அக்கா வீட்டுக்காரரை என்னன்னு சொல்லுவான்? எங்க வீட்டுக்காரம்மாதான் சோத்தை வச்சுட்டு, என் முகத்தைப் பார்க்காம, "நீங்க டாக்டருக்குப் படிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்"னு சொல்லிட்டுப் போனா.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. அப்பத்தா மருந்து ஏன் வேலை செய்யலைன்னு யோசிச்சேன். அப்புறம் பல மாசம் விசாரிச்சேன், படிச்சேன். எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

அப்பத்தா பார்த்தது காமாலை. தண்ணியில, சாப்பாட்டுல தொத்துற காமாலை அநேகமா தானாவே சில வாரத்துல சரியாகிடும். ஓய்வும் பத்தியமும் உடம்புக்கு ஒத்தாசை. கீழாநெல்லிக்கு அதுல எவ்வளவு பங்குன்னு அப்பத்தா அளந்து பார்க்கலை, தேவையும் படலை. ஆனா நம்ம செடியை நிஜமாவே அளந்து பார்த்தவங்க இருக்காங்க. சென்னையில தியாகராஜனும், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடிச்சு 1976-ல நோபல் பரிசு வாங்கின புளூம்பெர்க்கும் சேர்ந்து அந்தக் கிருமியைச் சுமக்கிறவங்களுக்குக் கீழாநெல்லிப் பொடி கொடுத்துப் பார்த்தாங்க. 1988-ல 'லான்செட்' பத்திரிகையில வந்துச்சு. பொடி சாப்பிட்ட 37 பேர்ல 22 பேருக்கு ரத்தத்துல கிருமியோட அடையாளம் போயிருச்சு. வெறும் பொடி சாப்பிட்ட 23 பேர்ல ஒருத்தருக்குத்தான் போச்சு. உலகமே நம்ம வரப்பைத் திரும்பிப் பார்த்த நேரம் அது. அப்புறம் வேற வேற இடத்துல செஞ்சு பார்த்தப்ப அதே மாதிரி வரலை, அது வேற கதை. நான் சொல்ல வர்றது, அதுவும் கிருமிக்குப் பார்த்த வைத்தியம். என் மாப்பிள்ளை ஈரல்ல கிருமி இல்லை, கொழுப்பு. 'ஈரலுக்கு நல்லது'ங்கிற ஒரு வார்த்தையில ரெண்டையும் போட்டுக் குழப்பிட்டேன். களை முளைச்சதுக்கு அடிக்கிற மருந்தை, உரம் அதிகமாப் போன பயிருக்கு அடிச்ச மாதிரி.

இந்தக் கொழுப்பு எப்படிச் சேருதுன்னு க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரியில ஒரு டாக்டரம்மா எங்களுக்குச் சொன்னாங்க. அதை நான் வாய்க்கால் கணக்குல புரிஞ்சுக்கிட்டேன். சாப்பிட்டதும் ரத்தத்துல சர்க்கரை வாய்க்கால் நிறைய வருது. தசைங்கதான் வயல். மடையைத் திறந்து விடுற ஆள்தான் இன்சுலின். வயல் காஞ்சு கிடந்தா ஒரு ஆள் போதும், திறந்ததும் பாயும். ஏற்கெனவே தண்ணி நிக்கிற வயலுக்குத் திறந்தா எங்க போகும்? ஒரு ஆளுக்கு ரெண்டு ஆள், மூணு ஆள்னு அனுப்பணும். இதைத்தான் இன்சுலின் எதிர்ப்புன்னு சொல்றாங்க. மிஞ்சின தண்ணி கடைசியில இருக்கிற கண்மாயில போய் விழுது. ஈரல்தான் அந்தக் கண்மாய். அங்க போற சர்க்கரை கொழுப்பா மாறிச் சேருது. கண்மாய் நிறைஞ்சு கரை உடையிற நிலைமைக்கு வர்றப்பதான் ஸ்கேன்ல தெரியுது. பல பேருக்கு வலியே இருக்காது.

அந்த டாக்டரம்மா இன்னொண்ணும் பண்ணினாங்க. ரிப்போர்ட்டைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே மாப்பிள்ளையைத் திரும்பச் சொல்லி, காலரை இறக்கிப் பின்கழுத்தைப் பார்த்தாங்க. அங்க கறுப்பா, வெல்வெட் துணி மாதிரி தடிச்ச ஒரு பட்டை. அஞ்சாறு வருசமா இருக்கு. எங்க அத்தை, அதாவது அவன் அம்மா, அதை அழுக்குன்னு நினைச்சு, தீபாவளிக்கு எண்ணெய் தேய்க்கிறப்பெல்லாம் பீர்க்கங்கூடு போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு புண்ணாக்கியிருக்கு. எலுமிச்சம்பழத் தோலெல்லாம் போட்டுப் பார்த்திருக்கு. "இது அழுக்கு இல்லம்மா, ரத்தத்துல இன்சுலின் அதிகமா ஓடுறதோட அடையாளம்"னு டாக்டர் சொன்னப்ப அத்தை நம்பவே இல்லை. இதைப் படிக்கிறவங்க உங்க வீட்டுப் பிள்ளைங்க கழுத்தை ஒரு தடவை பாருங்க. தேய்க்காதீங்க.

குண்டா இருக்கிறவங்களுக்குத்தானேன்னு நீங்க நினைக்கலாம். நானும் அப்படித்தான் இருந்தேன். எனக்குக் கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் கொஞ்சம் முன்னாடி. கூடப் போன பாவத்துக்கு எனக்கும் பார்த்தாங்க, எனக்கும் முதல் கட்டம் இருக்கு. புனேயில யாஜ்னிக்னு ஒரு டாக்டர், லண்டன்ல யுட்கின்னு ஒரு டாக்டர், ரெண்டு பேரும் கூட்டாளிங்க. உயரத்துக்கு எடைக் கணக்குப் போட்டா ரெண்டு பேருக்கும் ஒரே அளவு, 22.3. ஆனா உடம்புல கொழுப்பு எவ்வளவுன்னு அளந்தா யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னு படம் எடுத்து 2004-ல அதே லான்செட்ல போட்டாங்க. நம்ம ஆளுங்க ஒல்லியா இருந்தே உள்ளுக்குள்ள கொழுப்பு வச்சிருப்போம். சென்னையில மோகன் டாக்டர் குழு 2009-ல எழுதினதுல பெரியவங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தருக்கு இந்த ஈரல் கொழுப்பு.

இதெல்லாம் எங்க தாத்தா காலத்துல இல்லையான்னு கேட்டா, அவர் தின்ன சோறே வேற. பெரியாறு அணை 1895-ல வந்ததுக்கு அப்புறம்தான் இந்தப் பள்ளத்தாக்கு இருபோக நெல்லுக்கு மாறுச்சு. இன்னைக்கு லோயர் கேம்ப்ல இருந்து பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர் நெல்லு. எனக்கும் அதுல ரெண்டு ஏக்கர். பென்னிகுயிக்கைக் கும்பிடுறவன்தான் நானும், தண்ணி வந்ததைக் குறை சொல்லலை. ஆனா தாத்தா நெல்லை வித்துட்டு, வீட்டுக்குக் கம்பும் சோளமும்தான் வச்சிருந்தார். நெல்லுச்சோறு நல்ல நாள் பொழுதுக்கு. தின்னதையும் மண்வெட்டி பிடிச்சே கரைச்சார். எனக்கு உழவுக்கு டிராக்டர், நடவுக்கு ஆளு, அறுப்புக்கு மெசின். வயலுக்குப் போறதுக்கு மொபெட். விவசாயின்னு சொல்லிக்கிறேன், ஒரு நாளைக்கு நான் நடக்கிறது சென்னையில ஆபீஸ்ல இருக்கிற உங்களை விட அதிகமான்னு எனக்கே சந்தேகம். சோறு மட்டும் மூணு வேளை.

சரி, பார்சல் விசயத்துக்கு வர்றேன். கீழாநெல்லி எங்க நல்லா வளரும் தெரியுமா? நிழலும் ஈரமும் உள்ள இடத்துல. எங்க பக்கம் அது திராட்சைப் பந்தலுக்கு அடியில. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சுச்சு, நீங்க பேப்பர்ல பார்த்திருப்பீங்க. அந்தப் பந்தல்ல அடிச்சாம்பல் நோய் வராம இருக்க போர்டோ கலவை அடிப்போம். மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணி 100 லிட்டர். அது போக வேற மருந்துகளும் உண்டு. மேல அடிக்கிறது இலையில நின்னது போக மிச்சம் கீழதான் சொட்டும். கீழ என்ன இருக்கு? கீழாநெல்லி. மயில்துத்தத்துல இருக்கிற செம்பு அதிகமாச் சேர்ந்தா முதல்ல அடி வாங்குறது ஈரல்தான். போர்ச்சுகல் நாட்டுல வருசக்கணக்கா இந்தக் கலவையைத் திராட்சைக்கு அடிச்ச தொழிலாளிகளுக்கு நுரையீரலும் ஈரலும் கெட்டதை அங்க உள்ள டாக்டர்கள் எழுதியிருக்காங்க. ஈரலுக்குன்னு நீங்க வாங்குற செடி அங்க வளர்ந்ததா இருந்தா என்ன பண்ணுவீங்க?

நெல் வரப்பு மட்டும் சுத்தமான்னு கேட்டா, ஆள் கூலி கட்டுபடியாகாம வரப்புக்குக் களைக்கொல்லி அடிக்காத சம்சாரி எங்க ஊர்ல ரொம்பக் கம்மி. நானும் அடிச்சிருக்கேன். போன வருசம் ஒரு ஆள் சாக்கோட வந்து, பந்தலுக்கு அடியில உள்ளதைப் பிடுங்கிக்கிறேன், கிலோவுக்கு இவ்வளவு தர்றேன்னு கேட்டார். "இப்பத்தான் மருந்து அடிச்சிருக்குங்க"ன்னு சொன்னேன். "பரவாயில்ல அண்ணே, காஞ்சா போயிரும்"னார். நான் விடலை. அடுத்த தோட்டத்துல விட்டிருப்பாங்க. அது எந்த ஊர்ல எந்த டப்பாவுல பச்சை லேபிளோட நிக்குதோ.

செடி அடையாளமும் ஒரு பாடு. இலைக்கு அடியில காய் வரிசையா இருந்தா கீழாநெல்லின்னு பள்ளிக்கூடப் பிள்ளையே சொல்லும். ஆனா அதே சாயல்ல, தண்டு சிவந்தது ஒண்ணு, இலை நீண்டது ஒண்ணுன்னு நாலஞ்சு செடி இருக்கு. பெங்களூர் ஆராய்ச்சிக்காரங்க தென்னிந்தியக் கடைகள்ல கீழாநெல்லின்னு விக்கிறதை வாங்கி ஆராய்ஞ்சு 2010-ல எழுதினாங்க. அதுல வேற இனங்களும் இருந்துச்சு. காய வச்சுப் பொடியாக்கிட்டா எனக்கே தெரியாது, உங்களுக்கு எப்படித் தெரியும்? கொரோனா சமயத்துல சீந்தில் கொடிக் கசாயம் நாடு பூரா குடிச்சாங்களே, அப்ப மும்பையில அதைக் குடிச்சிட்டு ஈரல் வீங்கி வந்த 6 பேரைப் பத்தி டாக்டருங்க 2021-ல எழுதினாங்க. சீந்திலே இல்லை, அது மாதிரி இருக்கிற வேற கொடின்னு அரசாங்கத் தரப்புல சொன்னாங்க. எது நிஜமோ, குடிச்சவன் ஈரலுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

மூலிகையே வேணாம்னு நான் சொல்லலை. மாப்பிள்ளைக்கு அந்த டாக்டரம்மா எழுதின மெட்ஃபார்மின் மாத்திரையே, ஐரோப்பாவுல காட்டுல கிடக்கிற ஒரு செடியோட சத்தைப் பார்த்து வழிவழியா வந்ததுதானாம். ஆனா அதை அளந்து, எத்தனை மில்லிகிராம்னு கண்டு, 1957-ல இருந்து ஆளுங்களுக்குக் கொடுத்துப் பார்த்துப் பார்த்து வந்திருக்காங்க. அப்பத்தாவோட 'நெல்லிக்காய் அளவு'க்கும் அதுக்கும் வித்தியாசம் இருக்கு. எந்த நெல்லிக்காய்? அரைநெல்லியா, பெருநெல்லியா?

மாத்திரையை ஒழுங்காப் போட ஆரம்பிச்சான். ராத்திரி சோத்தை நிறுத்திட்டு, காய் நிறையப் போட்டுச் சாம்பாரும் ரெண்டு கேப்பை அடையும். வண்டியை மேல நிறுத்திட்டு, பொம்பளைங்க வேலை செய்யிற நேரத்துல தோட்டத்து ரோட்டுல ஒரு மணி நேரம் நடை. நடக்கிறப்ப தசை இன்சுலின் ஆளைக் கேட்காமலே தன்னால மடையைத் திறந்துக்குமாம், டாக்டரம்மா சொன்னது. எடையில நூத்துக்கு ஏழுல இருந்து பத்து பங்கு குறைச்சா ஈரல் கொழுப்பும் வீக்கமும் நல்லா வடியும்னும் சொன்னாங்க. சென்னையில ராமச்சந்திரன் டாக்டர் குழு, வாசல்ல சர்க்கரை நிக்கிற ஆளுங்களை மூணு வருசம் பார்த்து 2006-ல எழுதினதுலயும், சாப்பாடு, நடைன்னு மாத்தினவங்களுக்குச் சர்க்கரை நோய் வர்றது 28.5 சதவீதம் குறைஞ்சிருக்கு.

டீதான் அவனுக்குக் கஷ்டம். அதுக்கு மட்டும் என் கை வைத்தியம் ஒண்ணு உதவுச்சு. எங்க வேலியில சிறுகுறிஞ்சான் படர்ந்திருக்கு. மருந்தே அடிக்காத வேலி. அந்த இலை ரெண்டை மென்னுட்டுச் சீனியைத் தின்னு பாருங்க, மண்ணைத் தின்ன மாதிரி இருக்கும். நாக்குல இனிப்பு தெரியாது, அரை மணி நேரத்துக்கு மேல. சின்னப் பிள்ளையில இதை வச்சுத்தான் ஒருத்தனை ஒருத்தன் ஏமாத்துவோம். டீ குடிக்கிறதுக்கு முன்னாடி இலையை மெல்லச் சொன்னேன். சீனி போட்டாலும் போடாட்டியும் ஒண்ணுதான்னு ஆனதும் ஒரு மாசத்துல சீனியை விட்டுட்டான். இந்தத் தடவை டாக்டர்கிட்ட சொல்லிட்டுத்தான் கொடுத்தேன். சென்னைப் பல்கலைக்கழகத்துல 1990 வாக்குல இதோட சாரத்தை 22 சர்க்கரை நோயாளிகளுக்கு மாத்திரையோட சேர்த்துக் கொடுத்துப் பார்த்திருக்காங்க, சர்க்கரை குறைஞ்சிருக்கு, 5 பேர் மாத்திரையையே விட்டிருக்காங்க. சின்ன ஆராய்ச்சிதான். ஆனா குறைக்கிற சக்தி இருக்குங்கிறப்ப, மாத்திரையோட சேர்ந்து சர்க்கரை ரொம்ப இறங்கிடக் கூடாதேன்னு ரெண்டு தடவை ரத்தம் பார்த்தாங்க. மலையில வளைவு திரும்புறப்ப அவனுக்கு மயக்கம் வந்தா, பின்னாடி பதினாலு பொம்பளைங்க உட்கார்ந்திருக்காங்க.

பத்து மாசத்துல 96 கிலோ 87 ஆச்சு. எஸ்ஜிபிடி 44. மூணு மாசச் சர்க்கரை 6.1. ஸ்கேன்ல கிரேடு 1. நான் இருந்த இடத்துலயே இருக்கேன், எனக்கு வாய் அடங்கலை. திராட்சை விக்கிறவன் இதைச் சொல்லக் கூடாதுதான், பழத்தைப் பழமாத் தின்னுங்க, சீனி போட்டு ஜூஸ் அடிச்சுக் குடிச்சா அது நேரா ஈரலுக்குத்தான் போகுது.

செடி வேணும்னா விதை தர்றேன். மாடியில ஒரு தொட்டியில போட்டு வளர்த்து, ஸ்கேன் பேப்பரோட சித்த மருத்துவம் படிச்ச டாக்டர்கிட்ட போங்க. சாப்பிடுறது எதுவானாலும் உங்க ஈரலுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர்கிட்டயும் அதைச் சொல்லிருங்க. பொடி மட்டும் எங்கிட்ட கேட்காதீங்க.

போன வாரம் மாப்பிள்ளை வந்திருந்தான். பின்கழுத்துக் கறுப்பு முக்கால்வாசி போயிருச்சு. அத்தை அதைத் தடவிப் பார்த்துட்டு எங்க வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லுது, "பாத்தியா, நான் தேய்ச்ச தேய்ப்புக்கு இப்பத்தான் விட்டிருக்கு."